உன் பயம் எந்த வரியில் இருக்கிறது?

அழைப்பு வந்துவிட்டது!

வடபழனியிலோ சாலிகிராமத்திலோ ஒரு ஸ்டுடியோ. அடுத்த வாரம், காலை 9 மணி கால்ஷீட். உன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

இத்தனை வருடம் இதற்குத்தானே ஏங்கினாய்? பிறகு ஏன் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை? ஏன் வயிற்றைக் கலக்குகிறது?

"பயமா இருக்கு" என்கிறாய்.

இருக்கட்டும். எங்கே இருக்கிறது அந்தப் பயம்?

"எங்கேன்னா... மொத்தமாவே பயம்தான்."

இந்த 'மொத்தமாக' என்ற பேச்சே வேண்டாம்! மொத்தமாகப் பயப்படுகிறவனுக்கு மருந்தே கிடையாது.

எந்த வரியில் பயம்? பல்லவியிலா? இரண்டாம் சரணத்தில் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறாயே, அந்த இடத்திலா? இடையிசை முடிந்து அரை இடம் தள்ளி எடுக்க வேண்டுமே, அங்கேயா?

பாட்டை எழுதி வைத்திருக்கும் தாளை எடு. பென்சிலை எடு. நெஞ்சு படபடக்கும் இடத்தில் எல்லாம் ஒரு வட்டம் போடு.

எத்தனை வட்டம் விழுந்தது? மூன்று? நான்கு? அவ்வளவுதான் உன் பயம்!

நாலு நிமிடப் பாட்டில் அது அரை நிமிடம்கூட வராது. மிச்சமெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நீ பாடிவிடக்கூடியவை. அந்த அரை நிமிடத்துக்காகவா இரண்டு நாளாக முகம் வெளிறிக் கிடக்கிறாய்?

வட்டம் போட்ட இடத்தை மட்டும் பாடு. முழுப் பாட்டையும் திரும்பத் திரும்பப் பாடுவது பயிற்சி இல்லை. அது உனக்கு நீயே நடத்திக்கொள்ளும் கச்சேரி!

தெரிந்த இடத்தையே நூறு தடவை பாடி மகிழ்கிறாய். தெரியாத இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி நழுவுகிறாய். இதைச் செய்யாத பாடகன் உண்டா? ஆனால் மைக் முன்னால் நழுவ இடமில்லை.

"நான் சின்ன ஊர்க்காரன். எனக்கு யாரையும் தெரியாது."

மைக்குக்கு உன் ஊர் தெரியுமா? உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று அது கேட்குமா? அதற்குத் தெரிந்தது காற்றின் அதிர்வு ஒன்றுதான்.

பண்ணைப்புரம் என்ன பெரிய நகரமா? அங்கிருந்து கிளம்பியவர், 1976-ல் வெளிவந்த 'அன்னக்கிளி'க்கு முதல் பாட்டுப் பதிவு செய்ய உட்கார்ந்தார். வாத்தியக்காரர்கள் தயார். ஆரம்பிக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது! இளையராஜாவே இதைப் பல மேடைகளில் சிரித்தபடி சொல்லியிருக்கிறார்.

முதல் படம். முதல் பதிவு. ஆரம்பிக்கும்போதே இருட்டு. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? "எனக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று பெட்டியைக் கட்டியிருக்க மாட்டாயா?

கரண்ட் வந்தது. பாட்டு பதிவாயிற்று. மிச்சத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டுமா?

"அவருக்கு நொட்டேஷன் தெரியும். எனக்கு வெஸ்டர்ன் நொட்டேஷன் படிக்கத் தெரியாதே!"

அவர் மட்டும் தொட்டிலிலேயே கற்றுக்கொண்டாரா? சென்னைக்கு வந்த பிறகு, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்து கற்றார். வளர்ந்த பிறகு மாணவனாக உட்கார்ந்தார். உனக்கு வயது என்ன? இருபத்திரண்டா? இருபத்தைந்தா? அதற்குள் கற்கும் வயது முடிந்துவிட்டதா?

ஒரு வாரத்தில் நொட்டேஷன் வராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரிகம எழுத உனக்குத் தெரியுமே? பாட்டை ஸ்வரமாக எழுது. எங்கே மூச்சு எடுப்பது, எத்தனை அட்சரம் சும்மா நிற்பது, எல்லாவற்றையும் உன் கையெழுத்தில் எழுது. பெரிதாக எழுது. ஸ்டுடியோவில் வெளிச்சம் குறைவாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

"எந்தச் சுருதின்னு அவங்க இங்கிலீஷ்ல கேட்பாங்களே..."

கேட்கட்டும்! நீ ஐந்தரைக் கட்டை என்பாய். அவர்கள் ஜி ஷார்ப் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்! ஒரு கட்டை என்றால் சி. இரண்டு என்றால் டி. நாலு என்றால் எஃப். ஆறு என்றால் ஏ. ஒரு சாயங்காலத்தில் மனப்பாடம் ஆகும் கணக்கு இது. இதற்கா நடுங்கினாய்?

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். உன் வீட்டு ஆர்மோனியமோ பழைய சுருதிப்பெட்டியோ கொஞ்சம் ஏறி இறங்கி நிற்கலாம். ஸ்டுடியோவில் கீபோர்டு 440-க்கு நிற்கும். போனில் ஒரு டியூனரை இறக்கி, உன் சுருதி எங்கே நிற்கிறது என்று இன்றே பார். வருடக்கணக்காகக் கால்வாசி தள்ளிப் பாடிப் பழகிய காதுக்கு, சரியான சுருதியே தப்பாகக் கேட்கும்!

மிச்ச ஆங்கிலமா? பத்துச் சொல். 'ரோலிங்' என்றால் பதிவு ஓடுகிறது, வாயைத் திறக்காதே. 'டேக்' என்றால் ஒரு முறை பாடுவது. 'பன்ச்' என்றால் தப்பான துண்டை மட்டும் திருப்பிப் பாடுவது. 'டபுள்' என்றால் பாடியதன் மேலேயே அதே வரியை அச்சு அசலாக இன்னொரு முறை. 'லெவல் கொடு' என்றால், பாட்டில் எந்த இடத்தில் அதிகச் சத்தமாகப் பாடுவாயோ அந்த இடத்தைப் பாடிக் காட்டு.

இந்தக் கடைசிச் சங்கதியில் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள்! லெவல் கேட்டால் கூச்சத்தோடு முணுமுணுக்கிறார்கள். டேக்கில் ஆவேசம் வந்து கத்துகிறார்கள். ஒலி பிளந்து போகிறது. நல்ல டேக் குப்பைக்குப் போகிறது. இன்ஜினியரா குற்றவாளி?

புரியாத சொல் வந்தால் "அண்ணே, புரியல" என்று சொல். உலகம் இடிந்துவிடாது. புரிந்த மாதிரி தலையாட்டுகிறவன்தான் எல்லாருடைய நேரத்தையும் தின்கிறான்.

இப்போது கசப்பான வேலைக்கு வருவோம்.

இன்று இரவே உன் குரலைப் பதிவு செய். ஒரு போனில் டிராக்கை ஓட விட்டு ஹெட்ஃபோனில் கேள். இன்னொரு போன் உன் குரலை மட்டும் எடுக்கட்டும். வீட்டில் இரண்டாவது போன் இல்லாத குடும்பம் எது?

இப்போது போட்டுக் கேள்.

"ஐயோ... இதுவா என் குரல்?" உடனே அணைத்துவிட்டாய்! அழித்தும் விட்டாய்! எனக்குத் தெரியும்.

திரும்பப் பாடு. திரும்பக் கேள். ஓடாதே!

நீ பாடும்போது உன் குரல் காற்று வழியாக மட்டும் உன் காதுக்கு வருவதில்லை. மண்டை எலும்பு வழியாகவும் அதிர்ந்து உள்ளே போகிறது. எலும்பு வழியே போவதில் கனமான கீழ் ஒலிகள் அதிகம். அதனால் உனக்கு மட்டும் உன் குரல் கம்பீரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பதிவில் எலும்பு கிடையாது. காற்று மட்டும்தான்.

இத்தனை வருடமாக ஊர் கேட்டது இந்தக் குரலைத்தான். உன் அம்மா கேட்டது இதைத்தான். உன்னை அழைத்த இசையமைப்பாளர் கேட்டதும் இதைத்தான். இதைக் கேட்டுத்தானே கூப்பிட்டார்? அவருக்குப் பிடித்த குரல் உனக்கு ஏன் பிடிக்கவில்லை?

இந்த அதிர்ச்சி ஒரு நாள் வந்தே தீரும். உன் அறையில், தனியாக இருக்கும்போது வரட்டும். ஸ்டுடியோவின் பெரிய ஸ்பீக்கரில், ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதல்முறையாக வர வேண்டுமா?

தினமும் பாடு. உடனே கேட்காதே. மறுநாள் காலையில் கேள். பாடிய சூட்டில் கேட்டால் காது உனக்குச் சலுகை தரும். ஓர் இரவு தூங்கி எழுந்த காது யாருக்கும் சலுகை தராது.

அடுத்து கிளிக்.

முதல் பதிவுக்குப் போகிறவர்களைக் கவிழ்ப்பது குரலும் இல்லை, சுருதியும் இல்லை. ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் இந்த 'டிக் டிக்' சத்தம்தான்!

மேடையில் நீ கொஞ்சம் ஓடினால் மிருதங்கக்காரர் கூடவே ஓடி வருவார். நீ உருகி நின்றால் அவரும் நிற்பார். கிளிக் வராது. நிற்காது. உன் உருக்கத்தை அது கண்டுகொள்ளாது.

ஏன் இந்தக் கொடுமை? தபேலா போன வாரமே வாசித்தாயிற்று. கீபோர்டு கணினியில் கோத்தாயிற்று. வயலின் கூட்டம் இனிமேல் வேறு ஊரில், சில சமயம் வேறு நாட்டில் வாசிக்கும். ஒருவரை ஒருவர் பார்க்காத இத்தனை பேரையும் சேர்த்துக் கட்டியிருக்கும் ஒரே கயிறு அது. நீ அறுத்தால் என்ன ஆகும்?

நிமிடத்துக்கு 72 தட்டு என்று வைத்துக்கொள். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு வினாடிகூட இல்லை. 0.83 வினாடி. அதற்குள் நீ எங்கே விழுகிறாய்? தட்டின் மேலா? முன்னாலா? பின்னாலா?

மெட்ரோனோம் செயலி இலவசம். சாக்கு சொல்லாதே. முதலில் 72-ல் வைத்துப் பாடு. பிறகு 36-க்கு இறக்கு. பாட்டு அதே வேகம், தட்டு மட்டும் பாதி. பிறகு தாளத்தின் முதல் அட்சரத்துக்கு மட்டும் தட்டும்படி வை. நடுவில் இருக்கும் வெறுமை முழுக்க உன் பொறுப்பு! அடுத்த தட்டு வரும்போது நீயும் அங்கே இருக்கிறாயா?

முன்னதாகவே போய் நிற்கிறாயா? பயந்தவன் ஓடுவான். பின்தங்குகிறாயா? அதிகம் யோசிப்பவன் தேங்குவான். இரண்டில் நீ எந்த ரகம் என்று ஸ்டுடியோவுக்குப் போகும் முன்பே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாள் ஒன்றுக்கு அரை மணி நேரம் இதற்குக் கொடு. மூன்றாம் நாள் எரிச்சல் வரும். நீ கலைஞன், இயந்திரம் இல்லை என்றெல்லாம் தோன்றும். தோன்றட்டும்! பாடிக்கொண்டே இரு. ஆறாம் நாள் கிளிக் இருப்பதே மறந்துபோகும். அந்த மறதிக்குப் பிறகுதான் பாட்டில் பாவம் வரும். அதற்கு முன்னால் வருவது பாவம் இல்லை, தடுமாற்றம்!

"தப்பாப் பாடினா சாஃப்ட்வேர்ல சரி பண்ணிடுவாங்களாமே?"

வந்தாயா வழிக்கு!

ஆட்டோடியூன் 1997-ல் வந்தது. உருவாக்கியவர், பூமிக்கடியில் எண்ணெய் தேடும் அதிர்வலைக் கணக்குகளில் ஊறியவர். அந்தக் கணக்கால் ஸ்வரத்தை நகர்த்த முடிகிறது. உண்மை. ஆனால் உன் கமகத்தை அது என்ன செய்யும் தெரியுமா? ஒரு ஸ்வரத்துக்கும் இன்னொரு ஸ்வரத்துக்கும் நடுவே குழைகிறாயே, அந்தக் குழைவையே பிழை என்று எண்ணித் தட்டையாக்கப் பார்க்கும்! கவனமாகக் கையாளத் தெரிந்த இன்ஜினியர் காப்பாற்றுவார். ஆனால் மூச்சு போதாமல் அறுந்த வரியை யார் ஒட்டுவது? அர்த்தம் தெரியாமல் பாடிய சொல்லுக்கு எந்தச் சாஃப்ட்வேர் அர்த்தம் கொடுக்கும்?

எம்.எஸ். விஸ்வநாதன் காலத்தை நினைத்துப் பார். பாடகர், வயலின்கள், தபேலா, குழல் எல்லாரும் ஒரே கூடத்தில். ஒரே நேரத்தில். கடைசிச் சரணத்தில் ஒருவர் தப்பினால் எல்லாரும் முதலிலிருந்து! இன்று உனக்குத் துண்டு துண்டாகத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. இத்தனை சலுகை கிடைத்தும் நடுங்குகிறாயா?

அதற்கும் முன்னால் போ. 1902. கல்கத்தாவில் ஓர் ஓட்டல் அறை. மைக்கே கிடையாது! சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் புனலுக்குள் முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும். மெழுகுத் தட்டில் ஊசி கீறிக்கொண்டே போகும். திருத்தம் கிடையாது. மூன்று நிமிடத்தில் முடித்தாக வேண்டும்.

மணிக்கணக்காக ராகம் பாடிப் பழகிய பாடகி கௌஹர் ஜான் போய் நின்றார். ராகத்தை மூன்று நிமிடத்தில் அடைத்தார். முடித்ததும் தன் பெயரைத் தானே, ஆங்கிலத்தில், உரக்கச் சொன்னார்! தட்டு அச்சாவது ஜெர்மனியில். யார் பாடியது என்று அங்கே தெரிய வேண்டாமா?

இந்த நாட்டின் முதல் இசைத்தட்டுகளில் அந்தக் குரல் இருக்கிறது. அவருக்கு முன்னால் இந்த வேலையைச் செய்து காட்டி வழி சொல்ல எத்தனை பேர் இருந்தார்கள்? உனக்கோ நூற்றிருபது வருட அனுபவம் பின்னால் நிற்கிறது!

சரி. மைக் முன்னால் நிற்கும் விதத்துக்கு வா.

ஒரு சாண் தூரம். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து அளந்து பார். வாயிலிருந்து மைக் அவ்வளவு தூரம். ரொம்ப ஒட்டிப் பாடினால் குரலில் செயற்கையாகக் கனம் ஏறும். 'ப' வரும் இடங்களில் காற்று அடித்து 'டப்' என்று கேட்கும். முகத்தை மயிரிழை பக்கவாட்டில் திருப்பிப் பாடிப் பழகு. உச்சத்துக்குப் போகும்போது கொஞ்சம் பின்வாங்கு. வீட்டில் ஒரு கரண்டியை நிறுத்தி வைத்துப் பழகினாலும் போதும்! மைக் இல்லை என்று என்னிடம் சொல்லாதே.

ஹெட்ஃபோனில் உன் குரல் கேட்கவில்லையா? சொல்! இசை அதிகமாக இருக்கிறதா? சொல்! கேட்காத குரலை எட்டிப் பிடிக்கத்தான் நீ கத்துவாய். கத்தினால் சுருதி நழுவும். நழுவினால் "இவனுக்குச் சுருதி நிற்கவில்லை" என்பார்கள். ஒரு வாக்கியம் கேட்கக் கூச்சப்பட்டு, வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் பெயரை வாங்கிக்கொள்ளப் போகிறாயா? ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடினால் உனக்குச் சுருதி நிற்குமா? தாராளமாகச் செய். கழற்றிய பக்கத்தைத் தலையோடு அழுத்தி வை. இல்லாவிட்டால் கிளிக் சத்தம் மைக்கில் ஏறிவிடும்.

கண்ணாடி வளையல், சாவிக்கொத்து, சரசரக்கும் பட்டு, காலுக்கடியில் கிரீச்சிடும் நாற்காலி எல்லாம் பதிவாகும். பசித்த வயிறு உறுமுவதுகூடப் பதிவாகும்! பருத்தி உடுத்து. இட்லி இரண்டு சாப்பிட்டுப் போ.

வாத்தியக்காரனே, நீ தப்பித்துவிட்டதாக நினைக்காதே!

மிருதங்கமா? தொப்பியில் அப்பிய ரவை ஏசிக் குளிரில் காய்ந்துகொண்டே போகும். ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் நாதம் மாறும். தண்ணீரும் ரவையும் கையோடு இருக்கட்டும். புல்லாங்குழலா? குளிர்ந்தால் சுருதி இறங்கும். முன்னதாகவே போய் ஊதிச் சூடேற்று. கிதாரா? புதுக் கம்பியைப் பதிவன்று காலையில் மாட்டாதே. அது இழுபட்டு நிலைக்க ஒன்றிரண்டு நாள் வேண்டும். நாகஸ்வரமா? ஒரே சீவாளியை நம்பிப் போகாதே.

பறையா? தீயில் காய்ச்சித் தோலை ஏற்றுவது உன் பழக்கம். ஸ்டுடியோவுக்குள் தீ மூட்ட விடுவார்களா? வெளியே எங்கே காய்ச்சலாம் என்று முந்தின நாளே போன் போட்டுக் கேள். ஏசி அறையில் எத்தனை நிமிடம் தோல் இறங்காமல் நிற்கும் என்று கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள். தெருவில் ஆயிரம் பேரை ஆட வைத்த கை உன் கை! ஒரு குளிர்ந்த அறையிடமா அது தோற்கும்?

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு 'அடிமைப்பெண்' படத்தில் எம்ஜிஆருக்குப் பாடும் வாய்ப்பு. பதிவுக்கு முன்னால் டைபாய்டு! எம்ஜிஆர் பாட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல், அவர் தேறி வரும்வரை காத்திருந்தார்.

இந்தக் கதையை எல்லாரும் நெகிழ்ந்து சொல்வார்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன். உனக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்! முந்தின இரவு நண்பர்களோடு உட்கார்ந்து நாளைய வெற்றியை இன்றே கொண்டாடாதே. தூங்கு. மழையில் நனையாதே. தொண்டையைப் பத்திரப்படுத்து.

அப்படியும் காய்ச்சல் வந்தால்? வந்த உடம்போடு என்ன முடியுமோ அதைப் பாடு! 1961 நவம்பர் 14. சென்னை பரணி ஸ்டுடியோ. யேசுதாஸின் முதல் திரைப்பதிவு. திருவனந்தபுரம் வானொலி அவர் குரலை முன்பே தள்ளிவிட்டிருந்தது. உடம்பு படுத்தியதில் கைக்கு எட்டிய பாட்டுகளும் நழுவின. கடைசியில் கிடைத்தது நாலே வரி. "நாலு வரிக்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று அவர் திரும்பிப் போனாரா? அந்த நாலு வரியைப் பாடினார்!

உனக்கு ஒரு ஹம்மிங் மட்டும் கொடுத்தால் முகம் தொங்குமா? கோரஸில் எட்டாவது ஆளாக நிறுத்தினால் கோபம் வருமா? எட்டாவது ஆள் கொஞ்சம் ஓடினாலும் மற்ற ஏழு பேரும் அவனோடு சேர்ந்து திரும்பப் பாட வேண்டும். அந்த இடத்தில் எத்தனை சுத்தமாக நிற்கிறாய் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"ரீடேக் கேட்டா அவமானமா இருக்காதா?"

யாருக்கு அவமானம்? "இன்னொண்ணு போகலாம்" என்று அவர்கள் சொல்வது உன்மேல் நம்பிக்கை இருப்பதால்தான்! நம்பிக்கை போனால் "சரிங்க, நன்றி, சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். ஐந்தாம் டேக்கா? பாடு. பத்தாம் டேக்கா? பாடு. ஒவ்வொரு தடவையும் "சாரி சார், சாரி சார்" என்று கெஞ்சாதே. அந்த மூச்சைச் சேர்த்து வைத்து அடுத்த வரியில் போடு.

இப்போது நீ கேட்கத் துணியாத கேள்விக்கு வருகிறேன்.

எல்லாம் செய்தும், அவர்கள் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

சொல்லலாம்! உன் டிராக்கை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, பெரிய பாடகர் ஒருவரை அழைத்து அவர் குரலைப் போடலாம். கோடம்பாக்கத்தில் அது அன்றாட நடைமுறை. படம் வந்து தியேட்டரில் உட்கார்ந்து கேட்கும்போதுதான் உன் குரல் இல்லை என்று உனக்கே தெரியவரலாம். வலிக்கும். வலிக்கவே வலிக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

லண்டனில் 1962 ஜனவரி 1-ஆம் தேதி நான்கு இளைஞர்கள் ஒரு கம்பெனியின் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். முந்தின நாள் முழுக்கப் பனியில் வேனில் பயணம். பதினைந்து பாட்டுப் பாடினார்கள். நடுக்கம் குரலிலேயே தெரிந்தது. கம்பெனி வேண்டாம் என்றது. அந்த நால்வர்தான் பீட்டில்ஸ்!

ஜூன் மாதம் வேறு கம்பெனி கதவைத் திறந்தது. அங்கே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் பிடிக்கவில்லை. குழுவும் ஆளை மாற்றியது. புதிதாக வந்தவர் ரிங்கோ ஸ்டார். வயது 22. செப்டம்பர் 4-ஆம் தேதி அவர் வாசித்தார். செப்டம்பர் 11-ஆம் தேதி மறுபடி ஸ்டுடியோவுக்கு வந்து பார்த்தால், டிரம்ஸ் முன்னால் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்! கூலிக்கு வாசிக்க அழைத்து வந்த அனுபவசாலி. ரிங்கோவின் கையில் ஒரு டாம்பரினைக் கொடுத்தார்கள்.

யோசித்துப் பார். உன் வாத்தியம். உன் இடம். உன் கண் முன்னாலேயே இன்னொருவர் அதில்! நீ என்ன செய்திருப்பாய்? கதவை அறைந்துவிட்டு வெளியே போயிருக்க மாட்டாயா?

ரிங்கோ டாம்பரினைத் தட்டினார். தாளம் பிசகாமல் தட்டினார்.

ஐந்தே மாதம். 1963 பிப்ரவரி 11. அதே ஸ்டுடியோ. முதல் ஆல்பத்துக்காக ஒரே நாளில் பத்துப் பாட்டு! காலையில் ஆரம்பித்து இரவு வரை டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தவர் யார்? அதே ரிங்கோ!

அந்த நாளில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஜான் லெனனுக்குக் கடும் ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் பாட்டு ஒன்று பட்டியலில் இருந்தது. அதை எப்போது பாடினார்கள்? கடைசியில்! மற்றதெல்லாம் முடித்துவிட்டு, மிச்சமிருந்த குரல் முழுவதையும் அதில் கொட்டினார்கள். முதல் டேக்கே உலகம் கேட்ட டேக் ஆயிற்று. நாளைக்கு உன்னிடம் மூன்று பாட்டு இருந்தால், எது முதலில், எது கடைசியில் என்று நீயே போய்க் கேள். "சார், உச்சஸ்தாயிப் பாட்டைக் கடைசியில வச்சுக்கலாமா?" என்று கேட்பவனைப் பார்த்தால் எந்த இசையமைப்பாளருக்கும் மரியாதைதான் வரும்.

பணம், பெயர் பற்றியும் வாயைத் திறந்து பேசு. கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடு. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் உரிமைத்தொகையில் இடம் கொடுத்திருக்கிறது. உன் பெயர் எப்படி எழுதப்பட வேண்டும் என்று நீயே எழுதிக் கொடு. இதில் என்ன வெட்கம்?

வேலை முடிந்ததும் ஓடாதே! இன்ஜினியரிடம் போ. "அண்ணே, எந்த இடத்துல அதிகமா டேக் போச்சு?" என்று கேள். அவர் திரையில் காட்டுவார். மூச்சு போதாத இடம், ஓடிய இடம், சொல் தேய்ந்த இடம், எல்லாம் அங்கே வெட்டு வெட்டாகத் தெரியும். கூசாமல் பார். உன் தாளில் குறித்துக்கொள். பாராட்டு கேட்டு நிற்பவர்கள் ஏராளம். பிழை கேட்டு நிற்பவனை அவர் மறக்கவே மாட்டார்.

அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறு. மறுநாள் காலை 72-ல் கிளிக்கைப் போட்டு, அதில் முதலில் எழுதியிருக்கும் இடத்தை எடு!